மடிப்புக்குள் மை: ஜப்பானிய விசிறி ஓவியம், ஓர் எளிய அறிமுகம்

ஜப்பானிய மடக்கு விசிறி ஒன்று கைக்குக் கிடைத்தால் படக்கென்று விரித்துவிடாதீர்கள். ஒவ்வொரு மடிப்பாகத் தள்ளிப் பாருங்கள். முதலில் வெறும் வெள்ளைக் காகிதம்தான் தெரியும். இன்னும் இரண்டு மடிப்பு நகர்ந்தால் வெளிர் சாம்பலில் ஒரு கீற்று. அடுத்ததில் அந்தக் கீற்று கருத்து, நுனி கூராகி, அட, மூங்கில் இலை! முழுக்க விரித்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஒரு தண்டு, ஆறேழு இலை, அவ்வளவுதான். மிச்ச இடமெல்லாம் வெள்ளை.

‘இதை வரைய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஐந்து நிமிடமா?’ என்று கேட்கத் தோன்றும். ஆகியிருக்கலாம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் ஓவியர் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது. மை ஒரு பக்கம் இழுக்கும், காகிதம் ஒரு பக்கம் உறிஞ்சும், விசிறியின் வளைவும் மடிப்பும் தங்கள் பங்குக்கு நிபந்தனை போடும். இந்தப் பேரம் புரிந்துவிட்டால் விசிறி ஓவியத்தில் பாதி புரிந்த மாதிரி.

முதலில் விசிறியைப் பார்த்துவிடலாம். ஜப்பானில் இரண்டு வகை உண்டு. தட்டையாக, மடங்காமல், கைப்பிடியோடு இருப்பது உச்சிவா. குச்சிகள் ஓர் அச்சில் சேர்ந்து, விரித்தால் அரைவட்டம் போல ஆவது ஓகி, அல்லது சென்சு. உச்சிவாவின் மூல வடிவம் சீனாவிலிருந்து வந்தது. மடக்கு விசிறியோ ஜப்பானிலேயே பிறந்தது என்பதுதான் பொதுவான கருத்து. தொடக்கத்தில் காகிதமே கிடையாது. ஹினோகி என்ற சைப்ரஸ் வகை மரத்தின் மெல்லிய தகடுகளை நூலால் கோத்தார்கள். கியோத்தோவின் தோஜி கோயிலில் கன்னோன் என்ற போதிசத்துவரின் ஆயிரம் கைச் சிலையில், ஒரு கைக்குள்ளிருந்து அப்படிப்பட்ட ஒரு விசிறி கிடைத்தது. அதில் 877ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. கொஞ்ச காலம் கழித்து, சில குச்சிகளின் ஒரு பக்கத்தில் மட்டும் காகிதம் ஒட்டிய கோடை விசிறி வந்தது. அதற்குக் கவஹோரி என்று பெயர். வௌவால் என்று அர்த்தம். ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் எலும்பு மாதிரி குச்சியும் தெரிந்தால் வேறென்ன பெயர் வைக்கத் தோன்றும்? இந்த விசிறிகள் சீனாவுக்கு ஏற்றுமதியாயின. அங்கே இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டும் பழக்கம் வந்து, அது மறுபடி ஜப்பானுக்கே திரும்பியது.

மை ஓவியம் எதிர்த் திசையில் வந்தது. ஜென் துறவிகள் வழியாக, 13, 14ஆம் நூற்றாண்டுகளில், சீனாவிலிருந்து. சுமி என்றால் மை, எ என்றால் படம், ஆக சுமி-எ. நீரும் மையும் கலந்து வரைவதால் சுய்போகுகா என்றும் சொல்வார்கள். இதில் பெரிய பெயர் செஷ்ஷு (1420–1506). 1467இல் சீனாவுக்கே போய் இரண்டு ஆண்டு பார்த்துவிட்டு வந்தவர். பழைய சீன ஓவியர்களின் பாணியில் அவர் செய்த பயிற்சிப் படங்கள் சில இருக்கின்றன. காகிதத்தில் ஒரு தட்டை விசிறியின் உருவத்தைக் கோடாகப் போட்டு, அதற்குள் வரைந்திருக்கிறார். கோட்டுக்கு உள்ளே அந்தச் சீன ஓவியரின் பெயர், வெளியே தன் பெயர். விசிறி என்பது காற்று வாங்கும் பொருளாக மட்டும் இல்லாமல், படத்துக்கான ஒரு சட்டமாகவே மனதில் பதிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

சரி, மைக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுமி புட்டியில் வருவதில்லை (இப்போது புட்டியிலும் வருகிறது, அது வேறு கதை). கட்டியாக வரும். அகல் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து, படியும் கரியைச் சுரண்டிக் கண்மை செய்வார்கள் இல்லையா? கிட்டத்தட்ட அதே வேலைதான். எண்ணெய்த் திரியை எரித்து, மேலே கவிழ்த்த மண் மூடியில் படியும் புகைக்கரியைச் சேர்க்கிறார்கள். விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய நிகாவா என்ற வச்சிரப் பசையோடு அதைக் கலந்து, கையாலும் காலாலும் மிதித்துப் பிசைந்து, பேரி மர அச்சில் அழுத்துகிறார்கள். பசையின் வாடை தெரியாமல் இருக்க, பச்சைக் கற்பூரத்தின் சாயலில் ஒரு வாசனைப் பொருளும் சேரும். அப்புறம் சாம்பலில் புதைத்து மெல்ல மெல்ல ஈரத்தை எடுத்து, வைக்கோலில் கட்டி மாதக் கணக்கில் தொங்கவிடுவார்கள். வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும் என்பதால் குளிர் மாதங்களில்தான் இந்த வேலை நடக்கும். ஜப்பானிய மைக்கட்டிகளில் மிகப் பெரும்பகுதி நாரா நகரத்துத் தயாரிப்பு. 1577இல் தொடங்கிய கோபாயென் என்ற கடை அங்கே இன்றும் மை செய்கிறது.

எண்ணெய்க் கரியில் செய்த மையை நீர் விட்டு மெலிதாக்கினால் லேசாகப் பழுப்பு தட்டும். பைன் மரக் கரியில் செய்ததில் நீலம் தட்டும். கறுப்பு என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற நிறத்துக்குள்ளேயே வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் உண்டு. மழையும் மூடுபனியும் வரைய நீலம் தட்டும் மை, பழைய மரக்கிளைக்குப் பழுப்பு தட்டும் மை என்று தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். மைக்குள் ஐந்து நிறம் இருக்கிறது என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு.

வரைய உட்காரும்போது, சுசுரி என்ற கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சந்தனக் கட்டையை உரைப்பது போலவே இந்தக் கட்டியை உரைக்க வேண்டும். கல்லில் மேடான பக்கத்துக்குக் ‘கரை’ என்றும் பள்ளமான பக்கத்துக்குக் ‘கடல்’ என்றும் பொருள்படும் பெயர்கள். கரையில் உரைத்த மை கடலில் சேரும். அழுத்தி உரைத்தால் துகள் பெரிதாகி மை கரகரப்பாகும். கட்டியின் எடையே போதும், கை சும்மா கூட வந்தால் சரி. பத்து நிமிடத்துக்குக் குறையாமல் இப்படி உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மனசு தானாகவே அடங்கிவிடும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் சொல்வார்கள். எனக்கு முதல் சில தடவை மணிக்கட்டு வலிதான் அடங்கவில்லை.

இப்போது தூரிகை. மூங்கில் தண்டு ஒன்றை வரைவதாக வைத்துக்கொள்வோம். தட்டில் வெளிர் மை, நடுத்தர மை, அடர் மை என்று மூன்று. தூரிகையை முதலில் வெளிர் மையில் முழுக்க நனைத்து, ஓரத்தில் வழித்துவிட்டு, பாதி வரை நடுத்தர மையில் தொட்டு, கடைசியாக நுனியை மட்டும் அடர் மையில் தொடுகிறீர்கள். ஒரே தூரிகைக்குள் இப்போது மூன்று நிறம். அதைச் சாய்த்துக் காகிதத்தின் மேல் படுக்க வைத்து இழுத்தால், நுனி போன பக்கம் கருப்பு, அடி போன பக்கம் வெளிர், நடுவில் தானாகக் கரையும் சாம்பல். தட்டையான ஒரு பட்டை விழுந்திருக்க வேண்டிய இடத்தில் உருண்டையான தண்டு நிற்கிறது. நிழல் தனியாகப் போடவே இல்லை.

கணுவுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. அழுத்தி நிறுத்து, இழு, மறுபடி அழுத்தி நிறுத்து, தூக்கு. அழுத்திய இடங்களில் மை கொஞ்சம் கூடுதலாக இறங்கித் தண்டின் இரு முனையும் தடிக்கும். அடுத்த துண்டைத் தொடங்கும் முன் நெல்மணி அளவு இடைவெளி விட வேண்டும். மை பாதி காய்ந்திருக்கும்போது அந்த இடைவெளியில் அடர் மையால் ஒரு சின்ன வளைகோடு போட்டால் அதுவே கணு. இலைக்கு நுனியை ஊன்றி, அழுத்தி, இழுத்து, மூச்சு விடுவது போல எடுத்துவிட வேண்டும். எடுக்கும் வேகம்தான் இலை நுனியின் கூர்மை. மெதுவாக எடுத்தால் இலை நுனி எலி கடித்தது போல ஆகிவிடும்.

இதில் எதையும் அழிக்க முடியாது, மேலே இன்னொரு முறை இழுத்துச் சரிசெய்யவும் முடியாது. இழுத்தால் இரண்டு தடவை இழுத்தது அப்படியே தெரியும். ஏனென்றால் வாஷி என்ற ஜப்பானியக் காகிதம் நீளமான நார்களால் ஆனது. மை நார் வழியே உள்ளே இறங்கிவிடும். ஈரமான காகிதத்தில் மை பரவிக் கசிவதை நிஜிமி என்பார்கள். காய்ந்த தூரிகை வேகமாகப் போகும்போது இடையிடையே வெள்ளை தெரிய விட்டுப் போவது கசுரே. இரண்டும் பிழை இல்லை, இரண்டும் கருவிகள். பனிமூட்டத்துக்கு முதலாவது, பாறைக்கும் பழைய மரப்பட்டைக்கும் இரண்டாவது. இன்னொன்று தராஷிகோமி: வெளிர் மையில் ஓர் உருவத்தைப் போட்டு, அது காய்வதற்குள் அடர் மையை ஒரு சொட்டு விட்டு, அது போகிற போக்கில் போக விடுவது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோத்தோவில் இருந்த தவாராயா சோதாட்சு இதில் கைதேர்ந்தவர். தாமரைக் குளத்தில் நீர்ப்பறவைகள் நீந்தும் அவருடைய மை ஓவியம் ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் ஒன்று. அந்த சோதாட்சு நடத்திய கடையின் முக்கிய வியாபாரங்களில் ஒன்று என்ன தெரியுமா? விசிறி. அவருடைய விசிறிகளில் தங்கமும் வண்ணமும்தான் அதிகம். ஆனால் வளைந்த ஒரு சிறு காகிதத்துக்குள் படத்தை எப்படி நிறுத்துவது என்பதை அவரளவுக்கு யோசித்தவர்கள் குறைவு.

அந்த ‘எப்படி நிறுத்துவது’தான் விசிறியின் உண்மையான சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அச்சிலிருந்து காகிதத்தின் வெளி விளிம்பு 22 சென்டிமீட்டர், உள் விளிம்பு 9 சென்டிமீட்டர், விசிறி 150 பாகை விரிகிறது என்று வைத்துக்கொண்டால், மேல் வளைவு சுமார் 58 சென்டிமீட்டர் வரும். கீழ் வளைவு 24 கூட வராது. மேலே தாராளம், கீழே நெருக்கடி. சதுரக் காகிதத்தில் நிலத்தைக் கீழேயும் வானத்தை மேலேயும் வைத்துப் பழகிய கைக்கு இது பெரிய இடைஞ்சல். நிலத்துக்கு இடமே இல்லையே!

அதைவிடப் பெரிய கேள்வி, செங்குத்து என்பது இங்கே எந்தத் திசை? நடுவில் நிற்கும் மரம் நேராக நிற்கும். ஓரத்து மரத்தைக் குச்சியின் போக்கில் வரைந்தால் விசிறிக்குப் பொருந்தும், ஆனால் மரம் சாய்ந்துவிடும். நேராக வரைந்தால் மரம் சரி, ஆனால் மடிப்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சிலர் முதல் வழியில் போய், காட்சி முழுவதும் அச்சிலிருந்து பூத்தது போல வரைவார்கள். சிலர் வளைவைக் கண்டுகொள்ளாமல், பெரிய காட்சி ஒன்றை விசிறி வடிவ ஜன்னலால் பார்ப்பது போல வரைவார்கள். தண்டு கீழே வெட்டுப்படும், கிளை மேலே வெட்டுப்படும், பரவாயில்லை. என் கட்சி இரண்டாவது. வெட்டுப்பட்ட கிளைக்கு வெளியே இன்னும் மரம் இருக்கிறது என்று கண் நம்பிவிடும், சின்ன விசிறி பெரிதாகிவிடும்.

இன்னொரு பழைய தந்திரம், படத்தின் பாரத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நடுவையும் மறுபக்கத்தையும் காலியாக விடுவது. இந்தக் காலி இடத்துக்கு யோஹாகு என்று பெயர். அது மிச்சம் விழுந்த இடம் இல்லை. ஒரு படகை ஓரமாக வைத்தால் வெள்ளை முழுவதும் தண்ணீர். அதே இடத்தில் ஒரு பறவையை வைத்தால் அதே வெள்ளை வானம்.

ஆரம்பப் பாடமாக மை ஓவியத்தில் நான்கு செடிகளைக் கொடுப்பார்கள்: ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி, உமே என்ற பிளம் வகை மரம். ‘நான்கு கனவான்கள்’ என்று அவற்றுக்குப் பட்டப்பெயர், வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று பருவத்துக்கு ஒன்று. விசிறிக்கு இவற்றில் எளிது ஆர்க்கிட்தான். அதன் நீண்ட இலை இயல்பாகவே வளையும், விசிறியின் வளைவோடு சண்டை போடாது. மூங்கிலை நேராக நிறுத்தப் போனால்தான் தலைவலி. ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டுவிடுவது உத்தமம்.

சரி, படம் முதலா மடிப்பு முதலா? பலரும் மடித்த விசிறியை விரித்து வைத்துத்தான் வரைகிறார்கள் என்று நினைப்போம். கியோத்தோ முறையில் அது நேர்மாறு. முதலில் மிக மெல்லிய வாஷியை நடுவில் வைத்து, இரு பக்கமும் இன்னும் ஒவ்வொரு தாள் ஒட்டி, விசிறி வடிவில் வெட்டுவார்கள். தட்டையாக இருக்கும்போதே ஓவியர் வரைந்துவிடுவார். அப்புறம்தான் அது மடிப்பவர் கைக்குப் போகும். அவர் காகிதத்தை லேசாக ஈரப்படுத்தி, பெர்சிமன் காயின் துவர்ச்சாறு ஏற்றிய இரண்டு கெட்டித் தாள் அச்சுகளுக்கு நடுவில் வைத்து, மூன்றையும் சேர்த்து மடிப்பார். ஈரத்தில் படம் கலையாதா? நன்றாகக் காய்ந்த சுமி அவ்வளவு சீக்கிரம் கலையாது. பசை கரித்துகளை நாரோடு பிடித்து வைத்துவிடுகிறது.

அடுத்து வருகிற காட்சியை வீடியோவிலாவது ஒருமுறை பாருங்கள். குச்சி செருகுவதற்காக நடுத்தாளை மெல்லிய கருவியால் பிளந்து ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சின்ன உறை மாதிரி ஆக்குவார்கள். அதன் வாய் ஒட்டிக்கொண்டு திறக்காது. அதனால் கைவினைஞர் காகிதத்தை வாயருகே வைத்துப் ‘பூ’ என்று ஊதுவார். புல்லாங்குழல் ஊதுவது போல வரிசையாக ஓரம் முழுவதும். உறைகள் உப்பித் திறக்கும். பசை தடவிய மூங்கில் குச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவார். கடைசியில் இரு ஓரத்தின் தடித்த குச்சிகளைச் சூடுகாட்டி உட்புறமாக வளைத்துவிடுவார்கள். அதனால்தான் நல்ல விசிறி மூடும்போது ‘பச்சின்’ என்று ஒரு சத்தத்தோடு இறுகி மூடுகிறது. குச்சிகளில் பெரும்பகுதி வேறு ஊரிலிருந்து, பிவா ஏரிக்கரையில் உள்ள தகாஷிமாவிலிருந்து வரும். ஒரு விசிறி 87 தடவை கை மாறும் என்று கியோத்தோவில் சொல்வார்கள். அதில் ஓவியரின் கை ஒன்றே ஒன்று. குச்சிகளைச் சேர்க்கும் அச்சாணிக்குக் கனமே என்று பெயர். ஜப்பானிய மொழியில் எந்த விஷயத்திலும் ‘உயிர்நாடி’ என்று சொல்ல இன்றைக்கும் அந்தச் சொல்தான்.

18ஆம் நூற்றாண்டின் பெரிய ஓவியர் இகே நோ தாய்கா (1723–1776) இளவயதில் விசிறி வரைந்து விற்றுப் பிழைத்தவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சீனப் பாணியில் வரைந்த விசிறிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். ஒன்றுகூட விலை போகவில்லை. திரும்பும் வழியில் செத்தா பாலத்தில் நின்று, ‘நாக ராஜாவுக்குக் காணிக்கை’ என்று எல்லாவற்றையும் ஆற்றில் போட்டுவிட்டு நடையைக் கட்டினாராம். அவர் மனைவி கியோகுரானும் ஓவியர். அவர் வரைந்த விசிறிப் படங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒருநாள் தாய்கா தூரிகையை வீட்டில் மறந்துவிட்டுக் கிளம்ப, கியோகுரான் ஓடிப்போய்க் கொடுத்தார். ‘ரொம்ப நன்றிங்க, எங்கே கிடந்தது?’ என்று யாரோ வழிப்போக்கரிடம் கேட்பது போலக் கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். இவரும் எதுவும் சொல்லாமல் வீடு திரும்பினாராம். கதை நிஜமோ பொய்யோ, அந்த வீட்டில் சமையல் எப்படி நடந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. வெற்று வெள்ளை விசிறியை ஆன்லைனில் வாங்கி, ஆசையாக ஒரு மலையை வரைந்தேன். ஈரமான தூரிகையின் மை, மடிப்பின் பள்ளத்தில் வாய்க்கால் தண்ணீர் போல ஓடி அச்சு வரை இறங்கிவிட்டது. மேட்டில் தூரிகை ஒட்டவே இல்லை. மலை, சாரல் மழையில் வேலி போட்ட மாதிரி ஆயிற்று. இதில் கற்றது: மடித்த விசிறியில் வரைவதானால் அதை நன்றாக இழுத்து விரித்துப் பலகையில் டேப் போட்டு ஒட்ட வேண்டும், தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைக்க வேண்டும், நீண்ட கிடைக்கோடுகளைத் தவிர்க்க வேண்டும். புள்ளிகள், சின்ன இலைகள், குச்சியின் போக்கில் மேலேறும் கோடுகள் பிரச்சினை செய்யாது. அதைவிட எளிது, சாதாரணக் காகிதத்தில் விசிறி வடிவத்தை வெட்டித் தட்டையாகவே பத்துப் பதினைந்து வரைந்து பார்ப்பது. உச்சிவாவும் நல்ல தொடக்கம்தான், மடிப்பு இல்லை.

ஒரு விஷயம் பலரைக் குழப்பும். ஒரு காகிதத்தில் மை சட்டென்று பரவும், இன்னொன்றில் மேலேயே குளம் கட்டி நிற்கும். இரண்டாவதில் படிகாரமும் பசையும் கலந்த டோசா என்ற பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். பரவும் மூடுபனிக்கு அது உதவாது. கூரான கோட்டுக்கு உதவும். தங்கத்தாள் ஒட்டிய விசிறியில் மை உள்ளே இறங்கவே இறங்காது. அங்கே வெளிர் மையின் அழகு போய்விடும். அடர் மைதான் எடுபடும்.

அருங்காட்சியகத்திலோ அதன் இணையதளத்திலோ பழைய விசிறி ஓவியங்களைப் பார்த்தால், பல படங்களில் குச்சியே இருக்காது. காகிதத்தை மட்டும் பிரித்தெடுத்து ஆல்பத்திலோ மடக்குத் திரையிலோ ஒட்டி வைத்திருப்பார்கள். அப்போது கொஞ்சம் பெரிதாக்கி, கீழிருந்து மேலே விரியும் மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது விசிறியாகாமலே தப்பிய காகிதம். இருந்தால், அந்தக் கோடுகளின் மேல் மை தேய்ந்து காகிதம் வெளுத்திருக்கும். யாரோ ஒருவர் ஒரு கோடையில் அதை விரித்து மடக்கி, விரித்து மடக்கிக் காற்று வாங்கியிருக்கிறார்.